வீட்டிலேயே பைக் செயின் செட் மாற்றுவது: வேலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

செயின் செட் அல்லது கிட் என்பது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரங்கள்) மூன்றும் சேர்ந்தது. இது பெரும்பாலும் 100 முதல் 160 சிசி வரையிலான வண்டிகளுக்கு எழுதப்பட்டது. காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் என எங்கே பார்த்தாலும் ஓடுகிற வண்டிகள் இவைதான். பெரிய வண்டிகளுக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. தார் ரோட்டிலேயே ஆபீஸ் போய் வருகிற வண்டியும், செம்மண் பாதையில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிற வண்டியும் ஒரே கணக்கில் வராது. அளந்து பார்ப்பதே சரி.

100–160 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428 அளவுச் செயின் இருக்கும். இதில் ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் சிறு இரும்பு ஆணி) நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னில் தொடங்கி 21-ஆவது பின்வரை இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். நடுவில் 20 கண்ணி. புதுச் செயினில் 254 மி.மீ இருக்கும். 256.5-ஐத் தாண்டினால் 1 சதவீதம் தேய்ந்துவிட்டது, கிட் வாங்கி வைக்கலாம். 259 வந்தால் அந்தச் செயினை இனி ஓட்டக் கூடாது. மூன்று நான்கு இடங்களில் அளந்து, அதிகமாக வருகிற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது.

ஸ்கேல் இல்லையா? பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில், நம்பர் பிளேட் பக்கம் இருக்கும் கண்ணியை விரலால் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது.

இரும்பு எப்படி நீளும்?

தகடு நீளுவதே இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் ஒரு ரோலர் இருக்கிறது. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து இம்மி இம்மியாகத் தேய்கின்றன. 118 கண்ணி உள்ள செயினை எடுத்துக்கொண்டால் புதிதில் அதன் நீளம் 1498.6 மி.மீ. ஒரு கண்ணிக்கு 0.127 மி.மீ தேய்ந்தாலே மொத்தத்தில் 15 மி.மீ கூடிவிடும். பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டுப் பாருங்கள், ஒரு கண்ணிக்கு மேலேயே வித்தியாசம் தெரியும்.

நம் பக்கத்தில் இது சீக்கிரம் நடப்பதற்குக் காரணம் மணலும் கல் தூளும்தான். எண்ணெய்ப் பசை மேல் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்க்கும். பாலாற்றங்கரைப் பாதையிலோ குவாரி லாரி ஓடுகிற ரோட்டிலோ தினம் போகிறவர்கள் செயினை மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

செயினை மட்டும் மாற்றினால் போதாதா? ஸ்ப்ராக்கெட் நன்றாகத்தானே இருக்கிறது?

போதாது. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினின் கண்ணி இடைவெளி கூடக் கூட, ஸ்ப்ராக்கெட் பல்லும் அதற்கேற்பத் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போலாகிவிடும். அந்தப் பல்லில் 12.7 மி.மீ புதுச் செயின் சரியாக உட்காராது. எல்லாப் பல்லும் பகிர்ந்துகொள்ள வேண்டிய இழுப்பை ஒன்றிரண்டு பல் மட்டும் தாங்கும். புதுச் செயின் பழைய செயினின் வேகத்தைவிட அதிகமாகத் தேய்ந்துவிடும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்றால் முன் பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு வேலை செய்கிறது. ஆகையால் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான், ஆனால் கவருக்குள் இருப்பதால் பலர் பார்ப்பதே இல்லை.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கியரில் பிடித்துக்கொண்டே இறங்குகிற வண்டிகளில் பல்லின் மறுபக்கமும் தேயும். இறங்கும்போது இழுப்பு கீழ்ச் செயினுக்கு மாறிவிடுவதே காரணம்.

கிட் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மூன்று எண்கள்: செயின் அளவு (428, 520 போன்றது), கண்ணிகளின் எண்ணிக்கை, முன்–பின் பல் எண்ணிக்கை. ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் பல் எண்ணிக்கை மாறியிருக்கும். அதனால் கடைக்காரரிடம் வண்டிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராமல், பழைய ஸ்ப்ராக்கெட்டில் பொறித்திருக்கிற எண்ணைப் படித்துக்கொண்டு போங்கள். அழிந்திருந்தால் பல்லை எண்ணிக்கொள்ளுங்கள், சாக்பீஸால் முதல் பல்லில் ஒரு குறி போட்டுவிட்டு எண்ணினால் தப்பாது. 520 செயினின் கண்ணி அளவு 15.875 மி.மீ, 428 ஸ்ப்ராக்கெட்டில் அது உட்காரவே உட்காராது.

கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் இருக்கும். பாக்கெட்டுக்குள் செயின் லாக் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி), அதன் தகடு, கிளிப் மூன்றும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். கிளிப் இல்லாமல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்க நேரும்.

கூடவே வாங்க வேண்டியவை: முன் ஸ்ப்ராக்கெட் லாக் பிளேட், பின் ஸ்ப்ராக்கெட்டின் மடிப்பு வாஷர்கள், ஆக்சில் (சக்கரத்தின் நடுவே போகும் தண்டு) நட்டுக்கு ஸ்ப்ளிட் பின் (நட் கழலாமல் பிடிக்கும் பிளவு ஆணி) இருந்தால் அது, ஒரு செட் ஹப் ரப்பர் (பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கிண்ணத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்). எல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள். இவற்றைப் பழையதாகவே போட்டுவிடுவதுதான் பிறகு வரும் தொல்லைகளில் பாதி.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

10, 12, 14 ரிங் ஸ்பேனர், ஆக்சில் நட்டுக்கு 17, 19, 22, 24-இல் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது, ஒரு நோஸ் பிளையர், சுத்தியல், உளி, தட்டை ஸ்க்ரூ டிரைவர், மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், பருத்தித் துணி. ஆக்சில் நட்டை ஓபன் ஸ்பேனரால் தொடாதீர்கள், முனை மழுங்கிவிடும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பேடாக் ஸ்டாண்ட் (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட்) வேண்டும். சைலென்சருக்கு அடியில் செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்குவது ஆபத்து, செய்யவே கூடாது.

இடம் சிமெண்ட் தரையாகவோ கடப்பாக் கல்லாகவோ இருக்கட்டும், மண் தரை வேண்டாம். கத்திரி வெயிலில் இன்ஜின் கவரே கையைச் சுடும், காலையில் 7 மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். முதல் முறை செய்பவருக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

எந்த வரிசையில் கழற்ற வேண்டும்?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். செயினை முதலில் கழற்றிவிட்டு ஸ்ப்ராக்கெட் நட்டைத் திருக முயன்றால் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து சுற்றும், பிடிக்க ஆதாரம் இருக்காது. செயின் மாட்டியிருக்கும்போதே எல்லா நட்டையும் தளர்த்திவிட வேண்டும்.

சாவியை எடுத்துவிட்டு சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். கியர் லீவர் தண்டிலும் லீவரிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு குறி போட்டுவிட்டு, அதன் 10 நம்பர் போல்ட்டைக் கழற்றி லீவரை உருவுங்கள். குறி போடாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது லீவர் ஒரு பல் மேலோ கீழோ உட்கார்ந்து காலுக்கு எட்டாமல் போகும். பிறகு இடது பக்க இன்ஜின் கவர், செயின் கவர். முழுக் கவர் உள்ள வண்டியில் மேல், கீழ் இரண்டு துண்டும் வரும். கவருக்குள் கறுப்புக் களிம்பு போல மணலும் எண்ணெயும் கட்டியிருக்கும். அதைக் குச்சியால் வழித்து எடுத்துவிட்டு மண்ணெண்ணெய்யால் கழுவுங்கள். இதைச் சுத்தம் செய்யாமல் புதுச் செயினை மாட்டினால் முதல் நாளே அந்த மணல் அதில் ஏறிவிடும்.

இப்போது வண்டியை முதல் கியரில் போட்டு, ஒருவரைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் இரண்டு விதமாகப் பிடித்திருக்கும். சில வண்டியில் லாக் பிளேட்டும் இரண்டு 10 நம்பர் போல்ட்டும் இருக்கும். சிலவற்றில் ஒரே பெரிய நட்டும் அதன் கீழே மடித்துவிட்ட வாஷரும் இருக்கும், அந்த மடிப்பை உளியால் தட்டி நிமிர்த்திய பிறகே நட்டைத் தொடுங்கள். சில வண்டிகளில் அது இடது மரை, அதாவது கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். கையேட்டைப் பார்த்துவிட்டு பலம் கொடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் நான்கு நட்டில் கைக்கு எட்டுவதையும் இப்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிடலாம்.

அதன் பிறகு ஆக்சில் நட், செயின் அட்ஜஸ்டர்களின் லாக் நட், பின் பிரேக் ராடின் நட், பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் சட்டம்) பிடித்திருக்கும் டார்க் ராடின் போல்ட். சக்கரத்தை முன்னுக்குத் தள்ளினால் செயின் தளரும். லாக் கிளிப்பை நோஸ் பிளையரால் எடுத்துச் செயினைப் பிரியுங்கள். கிளிப் தெறித்தால் கண்ணில்கூடப் படும், ஒரு துணியால் மூடிக்கொண்டு எடுங்கள்.

ஆக்சிலை உருவும்போது எந்தப் பக்கம் எந்த ஸ்பேசர் இருந்தது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துவையுங்கள். நீளமும் குட்டையுமாக இரண்டு இருக்கும், இடம் மாறினால் சக்கரம் ஒரு பக்கமாக உட்காரும். சில 100 சிசி வண்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கிண்ணத்துக்குத் தனியே ஒரு ஸ்லீவ் நட் இருக்கும். சக்கரம் வந்துவிட்டால்கூட ஸ்ப்ராக்கெட் ஸ்விங் ஆர்மிலேயே தொங்கும், அந்த நட்டையும் எடுத்தால்தான் அது வரும்.

ஹப் ரப்பரையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கழற்றிய கையோடு பாருங்கள். கிண்ணத்தைச் சக்கரத்தில் உட்கார வைத்து இரண்டு கையாலும் முன்னும் பின்னும் திருப்பினால் இறுக்கமாக இருக்க வேண்டும். கடகடவென்று ஆடினால் ரப்பர் நசுங்கிவிட்டது. பலர் இந்த ஆட்டத்தைச் செயின் லூஸ் என்று நினைத்துச் செயினை மேலும் மேலும் இறுக்குகிறார்கள். கிளட்ச் விடும்போது டக்கென்று வெட்டுவது நிற்காது, செயின்தான் கெடும்.

புதியதை மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

முன் ஸ்ப்ராக்கெட் போகிற தண்டின் பள்ளங்களைத் துடைத்துவிட்டு, ஆயில் சீல் ஓரம் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் சீலை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பக்கம் மேடாக இருந்தால், பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்க்கட்டும். திருப்பிப் போட்டால் செயின் நேர்கோடு சில மில்லிமீட்டர் விலகிவிடும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் நான்கு நட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு சாய்ந்து உட்காரும். கடைசியில் மடிப்பு வாஷரின் காதுகளை நட்டின் தட்டையான முகத்தோடு சேர்த்து மடித்துவிடுங்கள்.

செயின் லாக் மாட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை மீன் வால் போலப் பிளந்திருக்கும். மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். மேல்ச் செயினில் லாக் இருந்தால் மூடிய முனை இன்ஜின் பக்கம், கீழ்ச் செயினில் இருந்தால் பின்சக்கரப் பக்கம். தலைகீழாக மாட்டினால் ரோட்டில் கிடக்கும் குச்சியோ கல்லோ பிளந்த முனையில் பட்டு கிளிப்பைக் கழற்றிவிடும். பிறகு லாக் பிரிந்து செயின் சக்கரத்தில் சுற்றி வண்டி அப்படியே பூட்டிக்கொள்ளும். லாக் பின்னை உள்பக்கமிருந்து நுழைத்து, தகட்டை வெளிப்பக்கம் போட்டு, கிளிப் பின்னின் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். உட்காரும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய லாக்கைப் புதுச் செயினுக்கு ஒருபோதும் போடாதீர்கள்.

செயின் எவ்வளவு லூஸாக இருக்க வேண்டும்?

உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவு, அல்லது ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது. பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மி.மீ. கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலே தூக்கி, கீழே அழுத்தி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க வேண்டும். மேலே தூக்கிய தூரத்தை மட்டும் அளப்பவர்கள் பாதியைத்தான் அளக்கிறார்கள்.

சக்கரத்தை ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டு, நாலைந்து இடத்தில் பாருங்கள். இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் அளவு சரியாக இருக்கட்டும். லூஸான இடத்தில் வைத்துச் சரி செய்தால், மறு பக்கம் வரும்போது கம்பி போல இழுத்துக்கொள்ளும்.

இறுக்கமாக இருந்தால் சத்தம் வராதே, அது நல்லதுதானே?

லூஸை விட இறுக்கம்தான் அதிகம் கெடுக்கும். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் கீல், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் அந்தத் தூரம் மிக அதிகம். பாரம் ஏற ஏற வண்டி அந்த நிலையை நெருங்கும். வெறும் வண்டியில் 10 மி.மீ ஆட்டம் வைத்துவிட்டு, பின்னால் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்து அல்லது இரண்டு பால் கேன் கட்டிப் பள்ளத்தில் இறங்கினால் செயினில் துளி ஆட்டமும் மிஞ்சாது. அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கிலும் ஆயில் சீலிலும் சக்கர பேரிங்கிலும் விழும். இன்ஜினின் இடது பக்கம் எண்ணெய் கசிவதற்குப் பல வண்டியில் இதுவே காரணம். பேரிங் மாற்ற இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும், அதற்கு ஆகும் செலவில் பல செயின் கிட் வாங்கிவிடலாம்.

எப்போதும் பாரம் ஏற்றுகிறவர்கள் அளவு வைத்த பிறகு அந்தப் பாரத்தோடு ஒருமுறை பாருங்கள். கொஞ்சமேனும் ஆட்டம் இருக்க வேண்டும்.

சக்கரம் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்விங் ஆர்மில் இரு பக்கமும் கோடுகள் இருக்கும், அவை ஒரு தொடக்கம் மட்டுமே. ஸ்விங் ஆர்ம் கீலின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அட்ஜஸ்டர்களை இரு பக்கமும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருகுங்கள். பிறகு வண்டியின் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயின் ஓரத்தைப் பாருங்கள். வளைவில்லாமல் நேராக ஓட வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்க ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கோணல் என்று பொருள்.

ஆக்சில் நட்டை இறுக்கும்போது சக்கரம் மெல்ல நகர்ந்து அளவு கெட்டுப்போகும். இதைத் தடுக்க ஒரு வழி: கீழ்ச் செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் சுருட்டிய துணியை வைத்து, சக்கரத்தைக் கையால் முன்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். துணி சிக்கிக்கொண்டு சக்கரத்தை அட்ஜஸ்டரோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் நட்டை இறுக்கிவிட்டு, துணியை எடுத்துவிட்டு, ஆட்டத்தை மறுபடி அளந்துபாருங்கள்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் எப்படி இறுக்குவது?

தூக்குத் தராசு போதும். கையேட்டில் 6 கிலோகிராம்-மீட்டர் (kgf-m) அல்லது சுமார் 59 நியூட்டன்-மீட்டர் என்று போட்டிருந்தால், நட்டின் மையத்திலிருந்து 30 செ.மீ தள்ளி ஸ்பேனர் நுனியில் தராசை மாட்டி, 20 கிலோ காட்டும்வரை ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் 10 நம்பர் போல்ட்டுகளுக்கு அவ்வளவு பலம் கூடாது, மணிக்கட்டு பலம் போதும்.

எதையெல்லாம் மறந்துவிடுவார்கள்?

டார்க் ராட் போல்ட், முதலில் அதுதான். அது கழன்றிருந்தால் பிரேக் பிடித்த உடனே பிரேக் பிளேட் சக்கரத்தோடு சுற்றி, ராடை வளைத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். அடுத்தது ஸ்ப்ளிட் பின். பிறகு பிரேக் பெடல்: சக்கரம் முன்னோ பின்னோ நகர்ந்ததால் பிரேக்கும் மாறியிருக்கும், கையேட்டு அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து, பின்னால் ஸ்டாப் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள். தெருவுக்குள் நடை வேகத்தில் இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்க்காமல் பெங்களூர் ரோட்டில் ஏறக் கூடாது.

பல் எண்ணிக்கையை மாற்றினால் மைலேஜ் கூடுமா?

14-க்குப் பதில் 15 போட்டால் 42 பல் பின் ஸ்ப்ராக்கெட்டோடு விகிதம் 3.00-லிருந்து 2.80 ஆகும். சமதளத்தில் இன்ஜின் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும், ஏற்றத்திலும் பாரத்திலும் திணறி அடிக்கடி கியர் இறக்க வேண்டிவரும். ஜவ்வாது மலைப் பக்கமோ அணைக்கட்டுப் பக்கமோ போகிறவர்களுக்கு இது நட்டம்தான். கம்பெனி வைத்த பல்லோடு இருப்பதே எங்கள் கருத்து.

ஓ-ரிங் செயினுக்கும் இதே முறைதானா?

அளவிடுவதும் நேர் பார்ப்பதும் ஒன்றே. ஆனால் அதில் கிரீஸை உள்ளே வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்திருக்கிறார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும், மண்ணெண்ணெய்யும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெரிய வண்டிகளில் கிளிப்புக்குப் பதில் ரிவிட் அடித்த லாக் வரும். அதற்கான கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி ரிவிட் செய்வது நம்பக்கூடியது அல்ல, அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எந்த எண்ணெய், எப்போது?

சாதாரணச் செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் நன்றாக வேலை செய்யும். ஏறக்குறைய 500 கி.மீ-க்கு ஒருமுறை, நனைந்தால் அன்றைக்கே. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தள்ளிப்போட்டால் ஒரே வாரத்தில் துருவேறும். ஓட்டி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் தகடுகள் சேரும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரை மணி கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே மினுமினுக்கும் எண்ணெய்க்கு மணலைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கிரீஸ் உள்ளே இறங்காது. வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் கரியும் இரும்புத் தூளும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணி வைத்துத் துடைப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போனால் விரல் துண்டாகிவிடும்.

கழுவிய மண்ணெண்ணெய்யை என்ன செய்வது?

சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். பாலாற்றங்கரைக் கிணறுகள் தோல் கழிவால் பட்டதே போதும். ஒரு கேனில் ஊற்றி வைத்து, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய செயினில் ஒரு முழ நீளத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம், ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிப் பிடிக்க உதவும்.

புதுச் செயின் மாட்டிய பிறகும் சத்தம் வருகிறதே?

விர்ரென்று ஒரே சீராக முனகினால் இறுக்கம் அதிகம். கவரில் டப் டப் என்று அடித்தால் லூஸ், அல்லது கவர் வளைந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை கட் என்று வந்தால் ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கும், பெரும்பாலும் லாக் தகட்டை அளவுக்கு மீறி அழுத்தியிருப்பார்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றினால் அந்தக் கண்ணி மட்டும் நிமிராமல் வருவது கண்ணுக்கே தெரியும்.

மாற்றிய பிறகு மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

புதுச் செயின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளர்ந்து படியும். 100 கி.மீ-இல் ஒருமுறை, அதாவது வேலூரிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ஒரு நடை போய்த் திரும்புவதற்குள், பிறகு 500 கி.மீ-இல் ஒருமுறை ஆட்டத்தை அளந்து, பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளையும் லாக் கிளிப்பையும் பாருங்கள். வாங்கிய தேதியையும் மீட்டர் எண்ணையும் பெட்ரோல் டேங்க் மூடிக்கு அடியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ குறித்து வைத்தால், அடுத்த செட் வாங்கும்போது இந்த செட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு உங்கள் ரோட்டுக்கும் உங்கள் பாரத்துக்கும் ஏற்றதாகக் கையில் இருக்கும்.